டயரா, தோலா, சணலா: செருப்புக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு

கோயம்புத்தூரில் சிறிய அளவில் செருப்பு செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்க விரும்புவதாகவும், பிளாஸ்டிக்கையும் குரோம் தோலையும் கூடியவரை தவிர்க்க நினைப்பதாகவும், பழைய டயர், சணல், தென்னை நார், தக்கை, அன்னாசி இலைத் 'தோல்' ஆகியவற்றுள் எது சிறந்தது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடவே, பசையே இல்லாமல் செய்ய முடியுமா, தினமும் நடந்தாலும் 3 ஆண்டுகள் தாங்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பொருளின் பெயரைக் கேட்பதாகத் தோன்றினாலும், உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: கால் வலிக்கக் கூடாது, சீக்கிரம் அறக் கூடாது, அறுந்த பிறகு மண்ணுக்குச் சுமையாகக் கூடாது. இந்த மூன்றும் பல இடங்களில் ஒன்றோடொன்று மோதும். அந்த மோதலை எங்கெங்கே எப்படிச் சமாளிப்பது என்பதைத்தான் நான் சொல்ல முடியும். சென்னையில் காலணித் தொழில்நுட்பம் படித்து, ஆம்பூர்ப் பக்கம் ஏற்றுமதி ஆலைகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்து, இப்போது சொந்தமாக ஒரு சிறு பட்டறை நடத்துகிறேன். நான் மருத்துவரோ வேதியியலாளரோ அல்லன். அந்தத் துறைகளைத் தொடும் இடங்களில் என் தொழிலுக்குத் தேவையான அளவுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதற்கு முன்னால், அடுக்குகளை எப்படிச் சேர்க்கிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2013-ல் ஓர் ஓட்டக் காலணியை ஆராய்ந்தபோது, ஒரு ஜோடிக்கு ஏறத்தாழ 14 கிலோ கரியமில வாயுவுக்கு இணையான வெளியீடு இருப்பதையும், அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உற்பத்திக் கட்டத்திலேயே நேர்வதையும் கண்டார்கள். அந்தக் காலணியில் 65 உறுப்புகள் இருந்தன; அவற்றை வெட்டி, வார்த்து, ஒட்டி முடிக்க 360-க்கும் மேற்பட்ட செயல்கள் தேவைப்பட்டன. செருப்பு அவ்வளவு சிக்கலானது அன்று. அந்த எண்ணை அப்படியே செருப்புக்குப் பொருத்தவும் முடியாது. ஆனால் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: உறுப்புகளைக் குறைத்தால் பாதி வேலை முடிந்தது, ஒரே செருப்பை இரண்டு மடங்கு காலம் அணிய முடிந்தால் மீதிப் பாதியும் பெருமளவு முடிந்தது. சணலில் செய்து ஆறு மாதத்தில் குப்பைக்குப் போகும் செருப்பைவிட, அடிசோலை இரண்டு முறை மாற்றி ஏழெட்டு ஆண்டுகள் ஓட்டும் தோல்செருப்பு மேல் என்பது என் துணிபு. இதை மறுப்பவர்கள் உண்டு. தோலின் சுற்றுச்சூழல் கணக்கில் மாடு வளர்ப்பின் பங்கை எவ்வளவு சேர்ப்பது என்பதிலேயே வல்லுநர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை.

சுகம் என்றால் மென்மை என்று நினைப்பதுதான் முதல் தவறு. இதை எங்கள் தொழிலுக்குக் கற்றுக்கொடுத்தது வேலூர். 1940-களின் பிற்பகுதியிலும் 1950-களிலும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அறுவைச் சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்களில் புண் வருவதற்கு நோய் சதையை அழுகச் செய்வது காரணமன்று, உணர்ச்சியற்ற பாதத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே காரணம் என்பதை நிறுவினார். அதற்கு மருந்தாக அமைந்தது நுண்துளை ரப்பர், அதாவது இன்று சர்க்கரை நோயாளிகள் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று கேட்டு வாங்குவது. ரப்பரின் கடினத்தைக் குறிக்கும் ஷோர் அளவில் அது ஏறக்குறைய 15. அடியில் வரும் சோலோ அதைப்போல நான்கு மடங்கு கடினமாக இருக்கும். மேலே மென்மை, கீழே உறுதி என்ற இந்த இணைப்பில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மென்மையான அடுக்கு பாதத்தின் மேடுபள்ளங்களுக்கு இடம் கொடுத்து எடையைப் பரப்புகிறது. உறுதியான அடுக்கு கல்லையும் முள்ளையும் தடுக்கிறது. கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து 'பஞ்சு மாதிரி இருக்கிறது' என்று வாங்கும் செருப்பு, அடியிலும் அதே பஞ்சாக இருப்பதால் இரண்டு மாதத்தில் குதிகால் பக்கம் குழிந்து, உடம்பின் எடையைத் தரையிடமே திருப்பிக் கொடுத்துவிடும். உணர்ச்சி குறைந்த பாதங்களுக்குச் செய்யும்போது ஆணி அடிக்கவே கூடாது என்பது அந்த மருத்துவமனை மரபில் கண்டிப்பான விதி; ஆணி மேலேறிக் குத்தினாலும் அணிபவருக்குத் தெரியாது. காலில் புண் உள்ளவர் யாராவது உங்களிடம் வந்தால், மருத்துவர் எழுதிக் கொடுத்தால் ஒழிய செய்து தராதீர்கள்.

அளவெடுப்பதற்கு நேரம் ஒதுக்குங்கள். காலையில் எடுத்த அளவும் மாலையில் எடுத்த அளவும் ஒன்றாக இராது. நாள் முழுதும் நின்ற கால் சற்றே வீங்கியிருக்கும், ஆகவே மாலையில் எடுப்பது நல்லது. காகிதத்தின் மேல் இரண்டு காலிலும் சமமாக எடை விழும்படி நிற்கச் சொல்லுங்கள். உட்கார்ந்தபடி வரைந்தால் பாதம் சில மில்லிமீட்டர் குறைவாகவே பதியும். பென்சிலை நேர்க்குத்தாகப் பிடித்து வரைய வேண்டும். உட்பக்கம் சாய்ந்தால் பாதத்தின் வளைவுக்குக் கீழே போய்விடும், வெளிப்பக்கம் சாய்ந்தால் செருப்பு படகாகிவிடும். இரண்டு கால்களையும் தனித்தனியே வரையுங்கள். பெரும்பாலானோருக்கு ஒரு கால் கொஞ்சம் பெரிது. வடிவம் அதைப் பார்த்தே அமைய வேண்டும். கோட்டுக்கு வெளியே முன்னால் 6 முதல் 8 மில்லிமீட்டரும், பின்னால் 4 அல்லது 5 மில்லிமீட்டரும், பக்கவாட்டில் இரண்டு மூன்று மில்லிமீட்டரும் விடுவது என் பழக்கம். பிறகு, காகிதத்தின் மேல் நின்ற நிலையிலேயே நான்கு இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: பெருவிரலின் அடிமூட்டு, சுண்டுவிரலின் அடிமூட்டு, உட்கணுக்கால் எலும்புக்கு நேர்கீழ், வெளிக்கணுக்கால் எலும்புக்கு நேர்கீழ். அழகாக வரைந்துவிட்டு இந்த நான்கு புள்ளிகளை மறந்தவர்கள்தான் பின்னால் வாரை எங்கே இறக்குவது என்று தெரியாமல் தடுமாறுகிறார்கள்.

செருப்பு கடிப்பதற்குப் பெரும்பாலும் வார் இறங்கும் இடமே காரணம். தோல் முரடாக இருப்பது அடுத்த காரணம்தான். முன்வார் விரல் மூட்டுகளின் மேலே ஓடக் கூடாது. மூட்டெலும்புக்குச் சற்றுப் பின்னால் இறங்க வேண்டும். பின்வாரும் கணுக்கால் எலும்பைத் தொடாமல் அதற்குக் கீழே போக வேண்டும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வரும் குமிழ் வைத்த செருப்பில், குமிழ்தான் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். காலைப் பிடிக்க வேண்டியது புறங்காலின் மேல் வரும் வார். குமிழ் வழிகாட்ட மட்டுமே. புறங்கால் வார் தளர்ந்தால் ஒவ்வோர் அடியிலும் பாதம் முன்னே வழுக்கி விரலிடுக்கில் மோதும். அங்கே கொப்புளம் வரும். வாங்கியவர் 'தோல் சரியில்லை' என்பார். நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். செருப்பைப் போட்டுப் பத்தடி நடக்கச் சொல்லி, அவர் முகத்தைப் பார்க்காமல் விரல்களைப் பார்ப்பேன். செருப்பு நழுவாமல் இருப்பதற்காக விரல்கள் மடங்கித் தரையைப் பற்றினால், அவர் 'நன்றாக இருக்கிறது' என்று சொன்னாலும் வாரை மீண்டும் இறக்கியாக வேண்டும். தினமும் ஐந்தாறு மணி நேரம் விரலை மடக்கி நடப்பவருக்குக் கெண்டைக்கால் வரை வலிக்கும்.

இனி பொருள்களுக்கு வருகிறேன். பாதம் படும் மேலடுக்குக்கும் வாருக்கும் நான் இன்னமும் தோலையே, அதுவும் மரப்பட்டையில் பதனிட்ட தோலையே, முதலாவதாக வைக்கிறேன். உலகில் பதனிடப்படும் தோலில் மிகப் பெரும்பகுதி குரோமியம் உப்பால் பதனிடப்படுவது. வேகமாக முடியும், மென்மையாக இருக்கும், நீரையும் வெப்பத்தையும் நன்றாகத் தாங்கும். அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்று பாலாற்றங்கரையில் கிணறு வைத்திருந்தவர்களைக் கேட்டால் தெரியும். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் அளித்த தீர்ப்புதான், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியாக ஊன்றியது. மரப்பட்டைப் பதனிடல் நம்மிடம் புதிதன்று. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பகுதிகளில் ஆவாரம்பட்டையும் கொன்றைப்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் கப்பலேறிய காலம் உண்டு. இன்று ஆவாரம்பட்டையைத் தேவையான அளவு சேகரிப்பவர் இல்லை. பெரும்பாலும் வாட்டில் மரச்சாறுதான். நீலகிரியில் சீகை என்று சொல்கிறார்களே, புல்வெளிகளை விழுங்கிவிட்ட அந்த ஆஸ்திரேலிய மரம்தான் அது. அங்கே வேண்டாத மரமாக வெட்டச் சொல்கிறோம், இங்கே அதன் சாற்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறோம்; இந்த முரணை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன.

மரப்பட்டைத் தோல் முழுக்கத் தூய்மையானது என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடாதீர்கள். பதனிடுவதற்கு முந்தைய கட்டங்களான உப்பிட்டுப் பாதுகாத்தலும் சுண்ணாம்பும் சல்ஃபைடும் இட்டு மயிர் நீக்கலும் இரண்டு முறைகளுக்கும் ஏறத்தாழப் பொதுவானவை. அந்த உப்பு நீரும் ஆற்றைக் கெடுப்பதுதான். குரோமியம் இல்லை என்பது உறுதி. கழிவே இல்லை என்பது பொய். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தோடு இணைந்த ஆலையிலிருந்து வாங்குவது மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது. வியாபாரி கொடுப்பது உண்மையிலேயே மரப்பட்டைத் தோல்தானா என்று பார்க்க எளிய வழி உண்டு. விரல் அகலத்துக்கு ஒரு துண்டை நறுக்கி வெட்டுவாயைப் பாருங்கள். உள்ளே நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் அது குரோம். பிறகு துண்டின் நீளத்தைக் குறித்துக்கொண்டு கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போடுங்கள். மரப்பட்டைத் தோல் சுருண்டு, கெட்டியாகி, நீளம் கண்கூடாகக் குறைந்துவிடும். குரோம் தோல் ஏறக்குறைய அப்படியே கிடக்கும். சிலர் எரித்துச் சாம்பலின் நிறத்தைப் பார்ப்பார்கள். அது வேண்டாம், குரோம் தோலை எரிப்பது நல்லதன்று.

இந்தத் தோலுக்கு நம் ஊர் மழையில் மூன்று தொல்லைகள் உண்டு. ஒன்று, புதிதில் நனைந்தால் சாயம் இறங்கிப் பாதம் பழுப்பாகும். இரண்டு, பீரோவில் வைத்தால் பூஞ்சை பூக்கும். மூன்று, இரும்பு பட்ட இடமெல்லாம் கறுக்கும். கலம்காரித் துணியில் கடுக்காய் ஏற்றிய இடத்தில் இரும்புக் கரைசல் பட்டதும் கறுப்பு விழுகிறதே, அதே வேதியியல்தான். ஆகவே கொக்கி, ஆணி எல்லாம் பித்தளையாக இருக்கட்டும். ஆமணக்கு எண்ணெயில் கொஞ்சம் தேன்மெழுகு உருக்கிக் கலந்து, மேல்பக்கமும் விளிம்பும் நன்றாக ஊறத் தேய்த்து, ஓர் இரவு விட்டுத் துடைத்தால் முதல் இரண்டும் பெருமளவு குறையும். நனைந்தால் நிழலில் காய வைக்கச் சொல்லுங்கள். வெயிலில் வைத்தால் தோல் அப்பளமாகும். இதற்கெல்லாம் ஈடாக இந்தத் தோல் தருவது ஒன்றுண்டு: மூன்று நான்கு வாரங்களில் அணிபவரின் பாதத்தடம் அதில் குழிந்து பதிந்துவிடும். எந்த நுரையும் இதைச் செய்வதில்லை. நுரை குழிவது நைந்துபோவதால், தோல் குழிவது படிந்துபோவதால். வாருக்குத் தோல் வெட்டும்போது மாட்டின் முதுகுப் பகுதியிலிருந்து, முதுகெலும்பின் திசையிலேயே நீளவாக்கில் வெட்டுங்கள். வயிற்றுப் பகுதித் தோல் கையால் இழுத்தாலே ரப்பராக நீளும், வார் ஒரு மாதத்தில் தொளதொளத்துவிடும்.

தோலே வேண்டாம் என்பது உங்கள் கொள்கையாக இருந்தால் அதை மதிக்கிறேன். ஆனால் மாற்றுகளைப் பெயரை வைத்து நம்பாதீர்கள். அன்னாசி இலை நார், கற்றாழை, ஆப்பிள் சக்கை என்று விற்கப்படும் 'தோல்'களில் பெரும்பாலானவை தாவரப் பொருளைப் பாலியூரித்தேன் அல்லது அதுபோன்ற பிசினால் பிணைத்தோ பூசியோ செய்தவை. தாவரப் பங்கு உண்மை. பிளாஸ்டிக் பங்கும் உண்மை. இரண்டும் ஒட்டிக்கொண்ட பிறகு அதை மட்க வைக்கவும் முடியாது, உருக்கவும் முடியாது. ஜெர்மனியின் ஃபிரைபெர்க் நகரத் தோல் ஆய்வு நிறுவனம் 2021-ல் வெளியிட்ட ஒப்பீட்டில், பரிசோதித்த மாற்றுகளில் எதுவும் தோலின் எல்லாப் பண்புகளையும் ஒருசேர எட்டவில்லை. நிறுவனம் தோலுக்குரியது என்பதையும் நினைவில் கொண்டே இதைப் படிக்க வேண்டும். எனினும் என் பட்டறை அனுபவமும் அதே பக்கம்தான் சாய்கிறது. அன்னாசி நார்த் துணியில் வார் செய்த ஒரு ஜோடியை நானே அணிந்து பார்த்தேன். ஐந்தாவது மாதத்தில் கொக்கி முள் நுழையும் துளையைச் சுற்றி மேற்பூச்சு மீன் செதிலாக உரிந்தது. உள்ளே நார் இலவம்பஞ்சாகப் பிதுங்கியது. இழுத்துக் கட்டிய ஒரு காலையில் துளை கிழிந்து அடுத்த துளையோடு சேர்ந்துகொண்டது. கைப்பைக்கு அது நல்ல பொருளாக இருக்கலாம். செருப்பு வாருக்கு, அடியில் வலுவான நாடா கொடுத்துத் தைத்தால் ஒழிய, நான் பரிந்துரைக்க மாட்டேன். தோல் வேண்டாதவர்களுக்கு நான் தருவது தடித்த பருத்தி நாடா, அதன் நடுவே பாலியெஸ்டர் நாடா வைத்துத் தைத்தது. முழுப் பருத்தி நாடா நனைந்தால் நீளும், வியர்வையில் மக்கும், விளிம்பு நூல் பிரியும். இங்கே கொஞ்சம் செயற்கை இழையை ஏற்றுக்கொள்வதே நேர்மையான வழி.

சணல் பின்னிய அடிசோல் ஸ்பெயின் நாட்டின் பழைய வழக்கம். வறண்ட கோடைக்கு ஏற்றது. நம் ஐப்பசி மழையில் அது உப்பி, நாறி, மக்கும். அடியில் ரப்பர் தடவினாலும் பக்கவாட்டில் நீர் புகும். வீட்டுக்குள் அணிவதற்குச் செய்யலாம். தென்னை நாரை ரப்பர் பால் தெளித்து அழுத்திய பலகை, மெத்தைக்குப் போடுவார்களே அது, கோயம்புத்தூர்ப் பக்கம் எளிதாகக் கிடைக்கும். நடு அடுக்காகப் போட்டுப் பார்த்தேன். காற்றோட்டம் அருமை, ஆனால் குதிகாலுக்குக் கீழே நார் முறிந்து தூளாகி, சில மாதங்களில் பள்ளமாகிவிட்டது. தக்கை இவற்றைவிட மிக நல்ல பொருள். மரத்தை வெட்டாமல் பட்டையை மட்டும் ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை உரித்தெடுக்கிறார்கள். முதல் உரிப்புக்கே மரம் ஏறத்தாழ 25 ஆண்டு வளர்ந்திருக்க வேண்டும். ரப்பர் பாலோடு கலந்து அச்சில் அழுத்திய தக்கை, பாதவளைவுக்கு இதமாகத் தாங்கும். வெறும் தக்கைத் தகடு மடிப்பில் வெடிக்கும், விளிம்பு உதிரும். அதற்கு மூடி வேண்டும். உலகின் தக்கையில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலில் விளைவது என்பதால், நம் பட்டறைக்கு அது கப்பலில் வரும் பொருள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய டயரைப் பற்றி நீங்கள் கேட்டது எனக்கு மகிழ்ச்சி தந்தது. அடிசோலுக்கு அதைவிடத் தேய்மானம் தாங்கும் பொருளை நான் கையாண்டதில்லை. வயல்வேலை செய்தவர்கள் லாரி டயர்ச் செருப்பைத் தலைமுறையாக அணிந்திருக்கிறார்கள். எந்த டயர் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நைலான் இழை வைத்த பழைய வகை லாரி டயர் வெட்டத் தகுந்தது. ரேடியல் டயரில் தரையில் உருளும் பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பி வலை இருக்கும். வெட்டினால் கம்பி நுனி ஊசியாக வெளியே வரும், அதை மழுக்கவே முடியாது. காரின் ரேடியல் டயரில் பக்கச்சுவரை மட்டும் பயன்படுத்தலாம், அங்கே பெரும்பாலும் துணியிழைதான். லாரியின் ரேடியலில் பக்கச்சுவரிலும் எஃகு இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு காந்தத்தை உள்பக்கம் ஓட்டிப் பாருங்கள், ஒட்டினால் ஒதுக்கிவிடுங்கள். கத்தியைச் சோப்பு நீரில் நனைத்து நனைத்து வெட்டினால் ரப்பர் கத்தியைப் பிடிக்காது. டயரின் இயல்பான வளைவு செருப்பின் நீளவாக்கில் வரும்படி வைத்து வெட்டுங்கள். முன்நுனி தானே சற்று மேலெழும், நடக்கும்போது தடுக்காது. குறுக்காக வைத்து வெட்டினால் செருப்பு தொட்டிலாடும். 6 முதல் 8 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இருந்தால் சீவிக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் மாலையில் காலில் செங்கல்லைக் கட்டியதுபோல் இருக்கும்.

டயர் ரப்பர் நேரடியாகப் பாதத்தில் படக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். டயர் கலவையில் சேர்க்கும் எண்ணெய்களிலும் கரித்தூளிலும் புற்றுநோயோடு தொடர்புடைய பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் இருக்கக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் டயர் எண்ணெய்களுக்கு 2010 முதலும், தோலில் படும் ரப்பர்ப் பொருள்களுக்கு 2015 இறுதி முதலும் வரம்பு வைத்திருக்கிறது, பின்னதில் கிலோவுக்கு 1 மில்லிகிராம். டயர் சாலைக்காகச் செய்யப்பட்டது. உங்கள் கையில் கிடைக்கும் பழைய டயர் எந்தக் கலவை என்பதைக் கண்ணால் அறிய முடியாது. வியர்த்த காலில் பல மணி நேரம் ஒட்டிக்கிடப்பதால் எவ்வளவு தீங்கு என்பது தெளிவாக வரையறுக்கப்பட்ட விஷயம் இல்லை. ஆனால் இடையில் ஒரு தோலோ கித்தானோ வைத்தால் தீரும் கவலைக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்? இதே காரணத்தால் சைக்கிள் ட்யூபை வாராகப் போடுவதையும் நான் விட்டுவிட்டேன். அதுவும் காற்றுப் புகாமல் காலை அவித்துவிடும்.

டயர் கிடைக்காவிட்டால் கன்னியாகுமரி, கேரளப் பக்கத்து இயற்கை ரப்பரில் வார்த்த தகடு அடுத்த தேர்வு. பிடிமானம் நன்றாக இருக்கும். எண்ணெயும் கடும் வெயிலும் அதற்குப் பகை. கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பர் மரத்திலிருந்து வந்ததாயினும் எளிதில் மட்காது என்பதால் 'மட்கும் செருப்பு' என்று அட்டையில் அச்சிடாதீர்கள். பாலியூரித்தேன் சோல் இலேசானது, முதல் நாள் சுகமானது. ஆனால் ஈரக்காற்றே அதன் பிணைப்பை அறுக்கும். விசேஷத்துக்கு மட்டும் போடலாம் என்று எடுத்துவைத்த காலணி மூன்றாம் ஆண்டு வெளியே எடுத்ததும் நனைந்த பிஸ்கட்டாக உதிர்ந்ததை நீங்களே பார்த்திருக்கலாம். கடற்கரை ஊர்களில் இது இன்னும் சீக்கிரம். காலணிகளில் பரவலாகப் பயன்படும் இலேசான பிளாஸ்டிக் நுரையான ஈ.வி.ஏ. உதிராது, ஆனால் சப்பையாகும். கரும்பிலிருந்து எடுத்த எத்திலீனில் செய்த ஈ.வி.ஏ. 2018 முதல் சந்தையில் இருக்கிறது. பெட்ரோலியம் குறைகிறது என்பது சரி, ஆயினும் மூலக்கூறு அதேதான், குணமும் அதேதான், குப்பையும் அதேதான். மெத்தை அடுக்குக்கு நான் இன்னும் 6 மில்லிமீட்டர் எம்.சி.ஆர். தகட்டையே வைக்கிறேன். அது பசுமையான பொருள் என்று சொல்லமாட்டேன். ஆனால் குதிகாலில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கிறது. இந்த இடத்தில் நான் சமரசம் செய்துகொண்டது தெரிந்தே.

பசை பற்றிய கேள்விக்கு வருகிறேன். முழுக்கப் பசையில்லாமல் செய்ய முடியும். கோலாப்பூர்ச் செருப்பு அதற்குச் சான்று. எருமைத்தோல் அடுக்குகளைத் தோல் வாராலேயே தைத்து, ஆணியும் இல்லாமல் முடிக்கிறார்கள். ரப்பர் அடிசோல் சேரும்போது, தைக்கும்வரை அடுக்குகள் நகராமலிருக்கக் கொஞ்சம் பசை தேவைப்படும். அதற்கு அம்மோனியா சேர்த்த ரப்பர் பாலே போதும். தாங்குவது தையலாக இருக்க வேண்டும், பசை உதவியாள் மட்டுமே. ஆலைகளில் பயன்படும் 'சொல்யூஷன்' கரைப்பான்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1960-களில் ஜப்பானில் வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் வினைல் செருப்பு ஒட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பலருக்குக் கைகால் மரத்து, நடை தளர்ந்தது. பசையிலிருந்த ஹெக்ஸேன் ஆவி நரம்புகளைத் தின்றிருந்தது. மூடிய அறையில், மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டுப் பசை தடவும் பழக்கம் நம் ஊரிலும் உண்டு. நானும் இளவயதில் அப்படி வேலை செய்தேன். சாயங்காலம் தலை கனத்ததைக் களைப்பு என்று நினைத்தேன். நீர்ப்பசைகள் இப்போது கிடைக்கின்றன. காய நேரம் எடுக்கும், சூடேற்றி அழுத்த வேண்டும், அவ்வளவுதான் குறை.

தையலில் மூன்று செய்திகள் போதும். தையல் ஓடும் பாதையில் அடிசோலில் ஒரு சிறு பள்ளம் கீறி, நூல் அதற்குள் மறையும்படி தையுங்கள். தரையில் உரசும் நூல் ஒரு மாதம்கூட நிற்காது. துளைகளை 6 முதல் 8 மில்லிமீட்டர் இடைவெளியில் குத்தூசியால் குத்துங்கள். நெருக்கிக் குத்தினால் வலுவாகும் என்று எண்ணித் தோலைத் தபால்தலையின் ஓரமாக்கிவிடுவார்கள், அங்கேயே கிழியும். நூல் மெழுகேற்றிய பாலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் வியர்வையில் மக்கிவிடும், ஒரு கிராம் செயற்கை இழையை மிச்சப்படுத்தப் போய் முழுச் செருப்பையும் இழப்பது கணக்குத் தெரியாத வேலை. வாரின் அடிநுனியைச் சீவி மெல்லிதாக்கி, குறைந்தது 25 மில்லிமீட்டர் நீளம் மேலடுக்குக்கும் நடு அடுக்குக்கும் இடையே நுழைத்து இரண்டு வரிசை தையுங்கள். என்னிடம் பழுதுக்கு வந்தவற்றில் சோல் தேய்ந்தவற்றைவிட வார் பிடுங்கிக்கொண்டவையே அதிகம்.

ஆகவே முதல் ஜோடிக்கு என் யோசனை இது: மேலே 3 மில்லிமீட்டர் மரப்பட்டைத் தோல், நடுவே 6 மில்லிமீட்டர் எம்.சி.ஆர்., அடியில் நைலான் டயர். வார் இரண்டு, கொக்கி பித்தளை. மேல் இரண்டு அடுக்கையும் வாரையும் ஒரு தையலாலும், அடிசோலைத் தனியாக இன்னொரு தையலாலும் சேருங்கள்; அப்போதுதான் சோலை மாற்றும்போது மேல்பகுதி கலையாது. தினசரி நடைக்கு 3 ஆண்டு என்ற உங்கள் இலக்கை, இடையில் ஒருமுறை வாரின் தையலைப் புதுப்பித்தால், இந்த அமைப்பு எட்டும் என்றே என் அனுபவம் சொல்கிறது. கல் குவாரியிலும் உப்பளத்திலும் வேலை செய்பவர்களுக்கு இந்த உறுதியை நான் தரமாட்டேன். அந்த முதல் ஜோடியை விற்காதீர்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் நீங்களே போட்டு நடந்து, தை மாதத்தில் தையலைப் பிரித்து அடுக்கடுக்காக மேசைமேல் பரப்பிப் பாருங்கள். எந்த அடுக்கு முதலில் கெட்டிருக்கிறதோ அதை மட்டும் மாற்றி இரண்டாவது ஜோடியைச் செய்யுங்கள்.